சத்திர சிகிச்சையும் செயற்கைத் தசையும்

கைத்தொழில் எதுவாயினும், அதைக் கற்பவன் முதலில் சில பொருள்களைக் கெடுத்தே தீர வேண்டும். தச்சுப் பட்டறையில் சேர்ந்த சிறுவன் நாலு பலகைகளையாவது வீணாக்காமல் உளி பிடிக்கக் கற்பதில்லை. தையற்கடையில் சேர்ந்தவன் கிழிசல் துணியில்தான் ஓட்டுத் தையல் பழகுகிறான். மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நம் போன்றோரும், முதல் வரைவைக் கசக்கிக் கூடையில் எறிந்துவிட்டு இரண்டாம் வரைவைத் தொடங்குகிறோம். மூன்றாவதும் சரியில்லையேல் நான்காவது இருக்கிறது. காகிதம் வலியறியாது, கோப்பு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவே. ஆனால் சத்திர வைத்தியரின் நிலை இப்படிப்பட்டதன்று. அவருடைய தொழிலும் கைத்தொழிலே. கத்தியை எவ்வளவு அழுத்த வேண்டும், ஊசியை எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும், முடிச்சை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பனவற்றைப் புத்தகம் சொல்லித் தரலாம். விரல்களுக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. ஆகவே அவரும் பழகியாக வேண்டும். அவர் எதைக் கெடுத்துப் பழகுவது?

இந்தக் கேள்விக்கு நம் மக்கள் கண்ட கசப்பான விடை ஒரு பழமொழியாக வழங்குகிறது: ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்.’ இது சிதைந்த பாடம் என்றும், மூலிகை வேர்களைத் தேடித் தேடி அறிந்தவனைக் குறித்து ‘ஆயிரம் வேரை’ என்று எழுந்ததே உண்மைப் பாடம் என்றும் சொல்வாருண்டு. எது மூலம் என்ற வழக்கைப் புலவர்களுக்கு விட்டுவிடலாம். இரண்டு பாடங்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை ஓர் எழுத்து. ஆயினும் வைத்தியக் கல்வியின் தர்மம் முழுவதும் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது. மாணாக்கன் பழகுவது பேரிலா, வேரிலா? மனிதர் மேலா, வேறு பொருள் மேலா? இக்காலத்தில் சிலிக்கோனாலும் பிற ரசாயனப் பொருள்களாலும் செய்யப்படும் செயற்கைத் தசையும் தோலும் குடலும், இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் அளிக்க முயலும் விடையாகும். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். கலைப் பாடங்கள் படித்தவர். எனினும் ஒரு நாள் நாமோ நம்மைச் சேர்ந்தவரோ அந்த மேஜை மீது கிடக்க நேரலாம் என்ற வகையில், இதைப் பற்றி விசாரிக்க நமக்கும் பாத்தியதை உண்டு.

விசாரிக்கத் தொடங்கினால், இந்த யோசனை பாரத நாட்டிற்குப் புதிதன்று என்பது முதலில் புலப்படும். சுச்ருதர் பெயரால் வழங்கும் ஸம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே விஷயத்தைப் பற்றியது. ‘யோக்யா’ என்று அதற்குப் பெயர்; செய்முறைப் பழக்கம் என்பது பொருள். சாஸ்திரம் முழுவதையும் ஓதி முடித்த சீடனாயினும், கைப்பழக்கம் இல்லாதவன் காரியத்துக்கு உதவான் என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அதன் பிறகு வருவது தத்துவமன்று, ஒரு பட்டியல். அறுத்து எடுக்கும் வேலையைப் பூசணி, சுரை, தர்ப்பூசணி, வெள்ளரி ஆகிய காய்களில் பழக வேண்டும். கீறித் திறப்பதை, நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகளில் பழக வேண்டும். சுரண்டுவதை, மயிர் நீக்காமல் விரித்த தோலில் செய்து பார்க்க வேண்டும். இரத்தக் குழாயில் துளையிடுவதற்கு இறந்த மிருகங்களின் குழாய்களும் தாமரைத் தண்டும். புண்ணின் ஆழத்தைச் சலாகையால் துழாவி அறிவதற்குப் புழு அரித்த கட்டையும் மூங்கிலும் உலர்ந்த சுரைக் குடுக்கையும். உள்ளே தைத்ததைப் பிடுங்கி எடுப்பதற்குப் பலா, கோவை, வில்வம் ஆகியவற்றின் உள்ளீடும், இறந்த மிருகங்களின் பற்களும். தைப்பதற்குத் தடித்த துணியின் ஓரமும் மெல்லிய தோலின் ஓரமும். கட்டுப் போடுவதற்கு மனித உருவில் செய்து அடைத்த முழுப் பொம்மை ஒன்றும் உண்டு.

இந்த நூல் இப்போதைய உருவை அடைந்தது கிறிஸ்து சகாப்தத்தின் முதற் சில நூற்றாண்டுகளில் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அக்காலத்து ஆசிரியர்கள் ஒவ்வொரு செயலுக்கும் ஏற்ற பொருளை எவ்வளவு கூர்ந்து தேர்ந்தெடுத்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சீழ்க்கட்டியைக் கீறும்போது கத்தி முனை முதலில் எதிர்ப்பை உணரும். பிறகு திடீரென்று எதிர்ப்பு விலகி உள்ளிருப்பது பீறிடும். சேறும் நீரும் நிரம்பிய தோற்பை அந்த அனுபவத்தை அப்படியே தரும், பூசணிக்காய் தராது. தாமரைத் தண்டின் உள்ளே துவாரம் உண்டு, சுவர் மெல்லியது, அழுத்தினால் நசுங்கும். ஆகவே அது குழாய்க்கு ஈடாகிறது. முழு உடலைப் போன்ற ஒரே பொருளை அவர்கள் தேடவில்லை. ஒவ்வொரு கைச் செயலும் எந்த உணர்ச்சியை விரலுக்குக் கற்பிக்க வேண்டுமோ, அதைத் தரும் பொருளையே தேடினர். இந்த நுட்பம் நினைவில் இருக்கட்டும், பின்னால் பயன்படும்.

சுச்ருதத்தின் இந்த மரபு இடையில் தேய்ந்தது. மீண்டும் இந்நாட்டில் சத்திரக் கல்வி முறைப்படி தொடங்கிய கதையில் நம் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவர் வருகிறார். மதுசூதன குப்தர் என்ற வங்காளத்து வைத்தியர், ஹூப்பர் என்பவர் எழுதிய ஆங்கில உடற்கூற்று நூலை வடமொழியில் மொழிபெயர்த்தவர். சுச்ருத ஸம்ஹிதையைப் பதிப்பித்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-ஆம் ஆண்டில், சமூகத்தின் கண்டனத்தைப் பொருட்படுத்தாமல், சவத்தின் மீது கத்தி வைத்த முதல் இந்தியர்களின் வரிசையில் முன்னின்றவரும் அவரே. நூலை மொழிபெயர்த்தால் போதாது, உடலையும் நேரில் படிக்க வேண்டும் என்று அவர் கண்டார்.

ஐரோப்பாவிலும் இந்தத் தேவையை உணர்ந்தவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் மாதாம் தியு குத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். பிரசவங்களில் தாயும் சேயும் மாண்டுபோவதைக் கண்டு, நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்பிக்கும் பொறுப்பை 1759-இல் அரசர் பதினைந்தாம் லூயி அவரிடம் ஒப்படைத்தார். எழுத்தறியாத பெண்களுக்குப் புத்தகத்தால் என்ன பயன்? துணியாலும் தோலாலும் பஞ்சாலும் தாயின் இடுப்புப் பகுதியையும், உள்ளே பொருந்தும் குழந்தையையும் அவர் செய்தார். குறுக்கே கிடக்கும் குழந்தையை எப்படித் திருப்புவது, கால் முதலில் வந்தால் எப்படிப் பற்றுவது என்பனவற்றை அந்தப் பொம்மையிலேயே பலமுறை செய்ய வைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பெண்களைப் பயிற்றுவித்தார். அவர் செய்தவற்றுள் ஒன்று ரூவான் நகரத்து மருத்துவக் காட்சிச்சாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் இவை விலக்குகளே. பொதுவாக உலகெங்கும் நடந்தது வேறு. மருத்துவக் கல்விக்கூடங்கள் பெரும்பாலும் தர்ம ஆஸ்பத்திரிகளை ஒட்டியே வளர்ந்தன. பணமுள்ளவன் வீட்டிற்கே தேர்ந்த வைத்தியர் வந்தார். பணமில்லாதவன் இலவசப் படுக்கையில் கிடந்து மாணாக்கரின் கைக்கு இலக்கானான். அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில், 1845 முதல் 1849 வரை, ஜே. மரியன் ஸிம்ஸ் என்ற வைத்தியர் பிரசவத்தால் உண்டாகும் ஒரு கொடிய புண்ணைத் தைத்து மூடும் முறையைக் கண்டறிந்தார். அவர் கை பழகியது அடிமைப் பெண்களின் உடலில். அநார்க்கா, லூசி, பெட்ஸி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்துள்ளன. அநார்க்கா என்ற இளம்பெண்ணுக்கு மட்டும் மயக்க மருந்து இன்றி முப்பது முறை சிகிச்சை நடந்தது. அவர் கண்ட முறையால் பின்னர் எண்ணற்ற பெண்கள் நலம் பெற்றனர் என்பது மெய். யாருடைய வேதனையை விலையாகக் கொடுத்து அந்த நலம் வாங்கப்பட்டது என்பதும் மெய். நியூயார்க் நகரத்துப் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018-இல் அகற்றப்பட்டது.

பிற்காலத்தில் ஒழுங்குகள் வந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1889 முதல் பணியாற்றிய ஹால்ஸ்டெட், படிப்படியாகப் பொறுப்பை உயர்த்தும் பயிற்சி முறையை வகுத்தார். ஆசிரியர் செய்யக் கண்டு, ஆசிரியர் அருகிருக்கத் தான் செய்து, பின்னர் பிறருக்குக் கற்பிப்பது அதன் சாரம். ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி’ என்று அம்முறையை மாணவர்கள் சுருக்கிச் சொல்வது வழக்கம். நல்ல முறையே. ஆனால் ‘ஒன்றைச் செய்’ என்னும் இடத்தில் அந்த ‘ஒன்று’ யார் என்று கேட்டால், பழைய விடைதான் வரும்: ஒரு மனிதர்.

மனிதருக்குப் பதில் மிருகத்தில் பழகலாகாதா என்று கேட்கலாம். பல நாடுகளில் நாயும் பன்றியும் அவ்வாறு பயன்பட்டன. ஆனால் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1876-இலேயே, கைத்திறன் பெறுவதற்காக மட்டும் உயிருள்ள மிருகத்தின் மேல் சோதனை செய்யலாகாது என்று சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பதினேழாம் பிரிவில் இரண்டு கருத்துக்களைச் சொல்கிறது. மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் முதலிய வேறு சாதனங்கள் அதே அளவு பயன்படுமாயின் மிருகச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. கைத்திறன் பெறும் நோக்கத்துக்காக மட்டும் சோதனைகள் இயன்றவரை செய்யப்படலாகாது என்பது மற்றொன்று. சட்ட வாசகங்களோடு அன்றாடம் மல்லாடும் நமக்கு, ‘இயன்றவரை’ என்ற சொல் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது நன்கு தெரியும். அந்த இடத்தைக் குறைப்பது எது? மாற்றுப் பொருள் கிடைப்பதுதான். நல்ல மாதிரி வந்துவிட்டால் ‘இயலவில்லை’ என்ற சமாதானம் சொல்ல முடியாது.

சவத்தின் சேவை மகத்தானது. இறந்தபின் தம் உடலைக் கல்லூரிக்கு அளிப்பவர்கள் செய்யும் தானத்துக்கு ஈடில்லை. உடலமைப்பைக் கற்பதற்கு அதற்கு மாற்றும் இல்லை. ஆயினும் கைப்பயிற்சிக்கு அது முழுதும் பொருந்துவதில்லை. ஃபார்மலினில் பதப்படுத்திய உடல் விறைத்துக் கடினமாகிவிடும். உயிருள்ள தசையின் நெகிழ்ச்சி அதில் இராது. கிடைக்கும் உடல்களோ குறைவு. ஒரே இடத்தில் நூறு முறை தைத்துப் பழகவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் செயற்கைத் தசை வந்து நிற்கிறது.

தசையைப் போல ஒன்றைச் செய்வது எளிது என்று தோன்றலாம், ரப்பர் இல்லையா? ஆனால் உயிருள்ள உடலின் பொருள்கள் ரப்பரைப் போல நடந்துகொள்வதில்லை. நம் புறங்கைத் தோலை இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்போம். முதலில் எளிதாக வருகிறது. சிறிது தூரம் வந்தபின் திடீரென்று மறுக்கிறது. காரணம், தோலுக்குள் கொலாஜன் என்ற நார்கள் சுருண்டும் நெளிந்தும் கிடக்கின்றன. சுருள் நிமிரும் வரை தடையில்லை. நிமிர்ந்தபின் கயிறுபோல் விறைக்கின்றன. மேலும் தோல் எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மை உடையதன்று. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்று அறிஞர், சவத்தின் தோலில் வட்டமான முனையால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நில்லாமல், இடத்துக்கு இடம் வெவ்வேறு திசையில் நீண்ட பிளவுகளாயின. அவர் 1861-இல் வெளியிட்ட அந்தக் கோடுகளை அனுசரித்துக் கீறினால் காயம் குறைந்த இழுப்புடன் ஆறும் என்று இன்றும் கற்பிக்கின்றனர். இவற்றோடு, தசை நீர் மிகுந்தது. அழுத்திய விரலை எடுத்தால் உடனே மீளாமல் மெல்ல மீள்வது. ஊசி நுழையும்போது ஒரு விதமாகவும் நூல் உரசிச் செல்லும்போது வேறு விதமாகவும் தடுப்பது. இத்தனையையும் விரல் உணர்கிறது. ஒன்று பிசகினாலும் ‘இது பொய்’ என்று சொல்லிவிடுகிறது.

ஆகவே செயற்கைத் தோலைப் படலம் படலமாகச் செய்கின்றனர். மேல்தோலுக்கு மெல்லிய சிலிக்கோன் படலம், அதன் கீழே அடித்தோலுக்குச் சற்று உறுதியான படலம், அதன் கீழ் கொழுப்புக்குக் குழைவான மஞ்சள் நிறப் படலம், அடியில் தசை. வெறும் சிலிக்கோனில் தையல் போட்டு இழுத்தால் நூல் அதை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எனவே உள்ளே நெகிழக்கூடிய வலைத்துணி ஒன்றைப் பதிக்கின்றனர். கொலாஜன் நார் செய்யும் வேலையை அந்த வலைத்துணி செய்கிறது. சுச்ருதர் தைப்பதற்குத் துணியையும் தோலையும் சொன்னார். இன்று துணியும் சிலிக்கோனும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன.

சிலிக்கோனுக்கு ஒரு குறை உண்டு. அதில் நீர் இல்லை. ஆகவே மின்சாரம் பாயாது. இக்காலத்துச் சத்திர வைத்தியர் மின்சார முனையால் தசையை அறுத்துக்கொண்டே இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார். அதைப் பழகச் சிலிக்கோன் பயன்படாது. இதற்காக ஹைட்ரோஜெல் எனப்படும் நீர்செறிந்த பொருள்கள் வந்தன. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளை நீரில் கரைத்து உறைய வைத்து, உருக விட்டு, மறுபடியும் உறைய வைத்தால், ஒவ்வொரு முறையும் அது மேலும் உறுதிப்படும். இரண்டு முறை உறைந்தது மென்மையான உறுப்பைப் போலவும், பல முறை உறைந்தது இரத்தக் குழாயின் சுவரைப் போலவும் அமையும். அதில் உப்பைச் சேர்த்தால் மின்சாரம் பாயும். ஜப்பானில் கொன்யாக்கு என்ற உணவுக்குப் பயன்படும் கிழங்கு மாவிலிருந்து பயிற்சி உறுப்புக்கள் செய்கின்றனர்; பழகி முடித்தபின் அவற்றைச் சாதாரணக் குப்பையோடு கழிக்கலாம். காய்கறியில் தொடங்கிய சுச்ருதரின் பட்டியல் சுற்றி வந்து கிழங்கை அடைந்திருக்கிறது!

இந்தப் பயிற்சியின் அவசியத்தை உலகுக்கு வலியுறுத்தியது லேபராஸ்கோப் என்ற கருவி. வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகளின் வழியே குழாய்க் காமிராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்யும் சிகிச்சை அது. எரிக் மூஹே என்பவர் 1985-இல் ஜெர்மனியில் பித்தப்பையை இம்முறையில் அகற்றினார். நம் நாட்டில் பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் தெஹெம்டன் உத்வாடியா 1990-இல் அதைச் செய்து காட்டினார். நோயாளிக்குச் சிறு தழும்பு, விரைவில் வீடு. வைத்தியருக்கோ புதிய சங்கடம். துளை ஒரு நெம்புகோலின் தாங்கு புள்ளியாகிவிடுவதால், கை இடப்புறம் சென்றால் உள்ளே கருவி முனை வலப்புறம் செல்கிறது. பார்வை திரையில், ஆழம் தெரிவதில்லை, விரலின் ஸ்பரிசம் பெரும்பாலும் அற்றுப்போகிறது. திறந்த வயிற்றில் கைதேர்ந்த பெரியவர்களும் இங்கே மாணாக்கராயினர். புதுமுறை பரவிய தொடக்க ஆண்டுகளில் பித்த நாளம் தவறுதலாக வெட்டுப்பட்ட சம்பவங்கள் கூடியமை கவலையை உண்டாக்கியது. அப்போதுதான் பெட்டிப் பயிற்சி பெருமை பெற்றது. மூடிய பெட்டி, உள்ளே காமிரா, மேலே துளைகள். உள்ளே மெல்லிய ரப்பர் குழாய். அதில் ஒரு பிளவு. அதைத் தைத்து முடிச்சுப் போட வேண்டும். கானடாவின் மாண்ட்ரீல் நகரில் வகுக்கப்பட்ட இத்தகைய பயிற்சிகள் வளர்ந்து, அமெரிக்காவில் சத்திர வைத்தியராகச் சான்று பெறுவதற்கே நிபந்தனையாகிவிட்டன.

பொம்மையில் பழகிய கை மனித உடலில் உதவுமா? இதை நம்பிக்கைக்கு விடாமல் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். கானடாவின் டொராண்டோவில் 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதலாண்டுப் பயிற்சி வைத்தியர் சிலர் செயற்கை மாதிரிகளிலும், சிலர் சவத்திலும், சிலர் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றனர். பின்னர் எல்லோரும் சவத்தின் மீது செய்து காட்டினர். மாதிரியில் பழகியவர்கள் சவத்தில் பழகியவர்களுக்குச் சளைக்கவில்லை. இரு சாராரும் புத்தகம் படித்தவர்களை விஞ்சினர். அதே நகரில் 2002-இல் வெளியான மற்றொரு ஆய்வு நம் போன்ற நாட்டுக்கு இன்னும் முக்கியமானது. சிறுநீர்க் குழாயிலிருந்து கல்லை எடுக்கும் பயிற்சிக்கு ஒரு குழுவினருக்கு 3,700 கானடா டாலர் விலையுள்ள மாதிரி தரப்பட்டது. மற்றொரு குழுவினருக்கு ஒரு கோப்பையும் உறிஞ்சு குழல்களும் ரப்பர் குழாயும் கொண்டு 20 டாலரில் செய்த மாதிரி. முடிவில் இரு குழுவினரின் திறனிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

இங்கேதான் சுச்ருதரின் நுட்பத்தை நினைவுகூர வேண்டும். மாதிரி மனித உடலைப் போல் தோன்ற வேண்டும் என்பதில்லை. கற்க வேண்டிய செயலுக்கு வேண்டிய எதிர்ப்பை விரலுக்குத் தந்தால் போதும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திறனடிப்படை மருத்துவப் பாடத்திட்டம், கல்லூரிதோறும் செயல்திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்று விதித்தது. தையல் போடுதல், சிரையில் ஊசி செலுத்துதல், சிறுநீர்க் குழாய் இடுதல் முதலியவற்றைச் செய்து காட்டித் தேர்ச்சி பெறுவதும் அதில் அடங்கும். விதி நல்லது. ஆனால் விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கி, ஆய்வாளர் வரும் நாளில் துடைத்து வைத்து, மற்ற நாட்களில் அலமாரியில் பூட்டினால் அவை அலங்காரப் பொருள்களே. செயற்கைத் தோல் வெட்டப்படுவதற்காகவே செய்யப்பட்டது. வெட்டினால் தீர்ந்துபோகும், தீர்ந்தால் மீண்டும் வாங்க வேண்டும் அல்லது செய்துகொள்ள வேண்டும். கட்டிடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தத் தீர்ந்துபோகும் பொருளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்காவிட்டால் பயிற்சி நடவாது. கல்லூரிகளே கூடி, உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டு, மலிவான படலங்களை வார்த்துக்கொள்ளலாம். ரப்பரும் நெசவும் அறிந்த நாட்டுக்கு அது அசாத்தியமன்று.

குறைகளையும் மறைக்கலாகாது. செயற்கைத் தசையில் வலியில்லை; பயமில்லை; அது சீழ்ப் பிடிப்பதில்லை; ஆறுவதும் இல்லை. மாணாக்கன் இறுக்கிப் போட்ட முடிச்சால் தோலின் ஓரம் இரத்த ஓட்டமின்றிக் கருகுவதை ஐந்தாம் நாளில் அது காட்டாது. உயிருள்ள உடலில் படலத்துக்கும் படலத்துக்கும் இடையே இயல்பாகப் பிரியும் தளங்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பிரிப்பதே சத்திர வைத்தியத்தின் பாதிக் கலை. அதை வார்ப்படத்தில் முழுதும் அமைப்பது கடினம். அச்சில் வார்த்த உறுப்புக்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மனிதர் உடலிலோ குழாய்களின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பொம்மையில் வெற்றி கண்டவனுக்கு வரும் மிகைத் துணிவு. பொம்மை ஒருபோதும் வைத்தியரைக் கேள்வி கேட்பதில்லை; மனிதர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

நம் தொழில் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரிகளுக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? ‘போலித் தசை’ என்றால், கள்ள மருந்தும் கள்ள நோட்டும் நினைவுக்கு வருகின்றன. ‘பாவனைத் தசை’ என்றால் ஒரு பகுதித் தமிழருக்குப் ‘பயன்படுத்திய தசை’ என்ற பொருள் தோன்றிவிடும். ஈழத்தில் ‘பாவனை’ என்றால் உபயோகம். ‘செயற்கைத் தசை’ பிழையில்லை; ஆயினும் நோயாளியின் உடலில் பொருத்துவதற்குச் செய்தது என்று மயங்க இடமுண்டு. ‘பயிற்சித் தசை’ என்பது நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது எதனால் ஆனது என்பதைவிட எதற்காக ஆனது என்பதைச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் புரியும் சொல்லாகவும் இருக்கிறது. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடும் ஏழை ஒருவர், ‘எனக்குத் தையல் போடப் போகிறவர் பயிற்சித் தசையில் பழகித் தேறியவரா?’ என்று தம் மொழியில் கேட்க முடியுமானால், அந்தச் சொல்லை ஆக்கியதன் பயன் கிட்டிவிட்டது.

அப்படிக் கேட்பது அவமதிப்பன்று. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மாணவர்கள் கற்றே ஆக வேண்டும். அவர்கள் கற்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வைத்தியர் இல்லை. ஆகவே இளம் வைத்தியரின் கை நம் மீது படலாகாது என்று மறுப்பது நியாயமாகாது. கை பழகும் முதற் கட்டத்தின் தடுமாற்றம் முழுவதையும் இலவசப் படுக்கையில் கிடப்பவர் மட்டும் சுமக்க வேண்டும் என்பதும் நியாயமாகாது. அந்தத் தடுமாற்றத்தை வலியறியாத பொருளின் மேல் இறக்கி வைக்க வழி இருக்கும்போது, அவ்வாறு செய்யாமல் விடுவதற்குச் செலவைக் காரணம் காட்டுவது, 20 டாலர் கோப்பையின் கதையைக் கேட்டபின் எடுபடாது.

பயிற்சித் தசையில் நூறு முறை தைத்தவரும், உயிருள்ள தோலில் முதல் ஊசியைச் செலுத்தும்போது புதியவரே. அந்த முதல் ஊசியை எந்தப் பொருளாலும் தவிர்த்துவிட முடியாது. ஆனால் அப்போது அவர் முடிச்சு எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்; அதை விரல்கள் பார்த்துக்கொள்ளும். அவருடைய கண்ணும் கருத்தும் நோயாளியின் முகத்தின் மேல் இருக்கும். அருகில் ஆசிரியர் ஒருவரும் நிற்க வேண்டும்.